காந்தத்தின் கேள்வியும் கரியின் விடையும்

இயற்கையை நோக்கி மனிதன் எழுப்பும் கேள்விகளுட் சில, விடை கிடைத்ததும் ஓய்ந்துவிடுவன. வேறு சில, ஒவ்வொரு விடைக்குப் பின்னரும் புதிய உருவெடுத்து மீண்டும் எழுவன. மின்னோட்டம் பாயும் கடத்தியொன்றைக் காந்தப்புலத்தினுள் வைத்தால் அதன் தடை மாறுமா என்ற கேள்வி இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. பௌதிகவியலின் முதற்பாடங்களைக் கற்ற எந்த மாணவனும் இதனைக் கேட்டுவிடலாம். ஆயினும் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வி ஆய்வுகூடங்களை விட்டு நீங்கவில்லை. ஓரணுத் தடிப்பேயுள்ள காபன் தாளாகிய கிரபீனிடம் இதனைக் கேட்டபோது கிடைத்த விடைகள் விந்தையானவை. தடை இரட்டிக்கும் என்பது ஒரு விடை. குறையும் என்பது இன்னொரு விடை. அறவே இல்லாதொழியும் என்பது மற்றொரு விடை. ஒரே பொருள் இவ்வாறு முரண்பட்டுப் பேசுவது ஏன் என்று ஆராய்வது, அப்பொருளைப் பற்றி மட்டுமன்றி, அளத்தல் என்னும் செயலைப் பற்றியும் சிந்திக்கத் தூண்டுவதாகும்.

இக்கேள்விக்கு முதன்முதலில் "ஆம்" என்ற விடையைப் பெற்றவர் பின்னாளிற் கெல்வின் பிரபு என அழைக்கப்பட்ட வில்லியம் தொம்சன் ஆவார். 1857ஆம் ஆண்டில் வெளியான அவருடைய ஆய்வு, இரும்பும் நிக்கலும் காந்தப்புலத்தில் வைக்கப்பட்டபோது அவற்றின் தடை சிறிதளவு மாறுவதைக் காட்டியது. புலத்தின் திசையிலே மின்னோட்டம் செல்லும்போது இரும்பின் தடை கூடியது. குறுக்காகச் செல்லும்போது குறைந்தது. ஆனால், இரும்பும் நிக்கலும் தாமே காந்தமாகும் இயல்புடையவை. காந்தமாகாத உலோகமொன்றில் என்ன நிகழும் என்பது அப்போது தெளிவாகவில்லை.

அத்தெளிவைத் தேடிப் புறப்பட்டவர் அமெரிக்காவின் ஜோன்சு ஹொப்கின்சு பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோலண்ட் என்ற பேராசிரியரின்கீழ்ப் பயின்ற எட்வின் ஹோல் என்னும் மாணவர். மின்காந்தவியலின் வேதமெனப் போற்றப்பட்ட மக்சுவெலின் பெருநூல் 1873இல் வெளிவந்திருந்தது. காந்தத்தின் விசை மின்னோட்டத்தின்மீது தாக்குவதன்று, அவ்வோட்டத்தைத் தாங்கும் கடத்தியின்மீதே தாக்குவது என்று அந்நூல் கூறியது. இக்கூற்று ஹோலுக்கு இயல்பானதாகத் தோன்றவில்லை. மின்னோட்டம் பாயாத கம்பியைக் காந்தம் தீண்டுவதில்லை. பாயும்போது விசையின் அளவு ஓட்டத்தின் அளவையே பொறுத்திருக்கின்றது. அவ்வாறாயின் விசையை ஏற்பது கம்பியா, ஓட்டமா? இவ்வையத்துடன் ஆசிரியரை அணுகியபோது, ரோலண்டும் அதே ஐயத்தைக் கொண்டிருந்தமையும், அதனைச் சோதிக்க முயன்று வெற்றி பெறாமையும் தெரியவந்தன. பெருநூலொன்றின் கூற்றை மாணவனொருவன் ஐயுறுவதும், ஆசிரியர் அவ்வையத்தைத் தடுக்காது வளர்ப்பதும் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர்நாடி எனலாம்.

ஹோலின் முதல் முயற்சி தடையை அளப்பதாகவே அமைந்தது. காந்தம் மின்னோட்டத்தைத் தன்பால் ஈர்க்குமாயின், ஓட்டம் கம்பியின் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் அது செல்லும் வழி குறுகும். வழி குறுகினால் தடை கூடும். இது அவருடைய நியாயம். ஜேர்மன் வெள்ளி எனப்படும் கலப்புலோகக் கம்பியைத் தட்டையான சுருளாக்கி, மின்காந்தமொன்றின் முனைவுகளுக்கிடையில் வைத்து, தடையிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவான மாற்றத்தையும் காட்டவல்ல ஒழுங்கமைப்பைக் கொண்டு அவர் அளந்தார். தொடருக்கு 40 வாசிப்புகளாக 13 தொடர்கள் எடுக்கப்பட்டன. தடையில் மாற்றம் எதுவும் புலப்படவில்லை.

அவர் அத்துடன் நின்றிருந்தால் மக்சுவெலின் கூற்றே சரியென்று ஆகியிருக்கும். ஆனால் ஹோல் தம் கேள்வியை மாற்றினார். ஓட்டம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டும் நகர முடியாது நிற்குமாயின், அத்தள்ளுகை கடத்தியின் இரு ஓரங்களுக்குமிடையே ஓர் அழுத்த வித்தியாசமாகத் தோன்றவேண்டும். ஆசிரியரின் யோசனைப்படி தடித்த உலோகத்தைக் கைவிட்டு, கண்ணாடித் தட்டில் ஒட்டப்பட்ட மெல்லிய தங்க இலையை எடுத்தார். 1879 ஒற்றோபர் மாத இறுதியில், அவ்விலையின் குறுக்கே அழுத்த வித்தியாசம் தோன்றியது. ஹோல் விளைவு என இன்று ஒவ்வொரு மாணவனும் கற்பது இதுவே. மக்சுவெல் அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் காலமானார். தம் கூற்றைத் திருத்திய அம்முடிவு அச்சேறியதைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை.

ஹோலின் முதற்பரிசோதனை ஏன் வெறுமையான விடையைத் தந்தது என்பதை அவருடைய இரண்டாம் பரிசோதனையே விளக்கிவிடுகின்றது. காந்தப்புலத்தில் இயங்கும் இலத்திரன் பக்கவாட்டில் தள்ளப்படுகின்றது. தள்ளப்பட்ட இலத்திரன்கள் ஓரத்திலே குவிகின்றன. அக்குவியலால் உண்டாகும் மின்புலம், பின்வரும் இலத்திரன்களை எதிர்த்திசையில் தள்ளுகின்றது. இரு விசைகளும் சமனானதும், இலத்திரன்கள் காந்தமே இல்லாததுபோல் நேராகச் செல்கின்றன. ஆகவே, எல்லா ஏற்றங்களும் ஒரே வகையினவாய் ஒரே வேகத்திற் செல்லும் கடத்தியொன்றில், நீளவாட்டிலுள்ள தடை மாறவேண்டிய அவசியமில்லை. காந்தம் செயற்படாமலில்லை, அதன் செயல் முழுவதும் குறுக்கு அழுத்தமாக ஒளிந்துகொள்கின்றது. அவ்வழுத்தம் தகட்டின் தடிப்புக்கு நேர்மாறு விகிதமானது. தகடு மெலிய மெலிய அது பெருகும். தங்க இலை பயன் தந்தமைக்கு இதுவே காரணம். இத்தருக்கத்தை அதன் எல்லைவரை கொண்டு செல்வோர்க்கு, ஓரணுத் தடிப்புள்ள இலை கிடைத்தால் என்னவாகும் என்ற எண்ணம் எழுதல் இயல்பே.

அத்தகைய இலை இயற்கையில் அடுக்கடுக்காக ஏற்கெனவே இருந்தது. காரீயம் என்பது காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய தாள்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்ட பொருள். இலங்கை மக்களுக்கு இப்பொருள் புதியதன்று. கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் காரீயம், பளிங்கமைப்பின் செம்மையாலும் தூய்மையாலும் உலகப் புகழ் பெற்றது. உலோகம் உருக்கும் மூசைகளுக்காக அது கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயிற்று. முதலாம் உலகப்போர்க் காலத்தில் அவ்வேற்றுமதி உச்சநிலையை அடைந்தது.

காரீயத்தின் காந்த இயல்பை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் தமிழர் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் 1898இற் பிறந்து, இராமனுடன் கல்கத்தாவிற் பணியாற்றிய கே. எஸ். கிருஷ்ணன், காரீயப் பளிங்குகள் தம் தாள்களுக்குச் செங்குத்தான புலத்தை எதிர்க்கும் வலிமை, தாள்வழியான புலத்தை எதிர்க்கும் வலிமையிலும் பன்மடங்கு பெரிது என்பதை 1930களில் அளந்து காட்டினார். 1939இல் கங்குலி என்பவருடன் சேர்ந்து, காரீயத்தின் மின்கடத்துதிறனும் அவ்வாறே திசைக்குத் திசை பெரிதும் வேறுபடுவதை வெளியிட்டார். இலத்திரன்கள் தாளுக்குள் எளிதாக ஓடுகின்றன. தாள்விட்டுத் தாள் தாவ அரிதிலேயே முனைகின்றன. காரீயம் ஒரு திண்மம் எனினும், அதனுள்ளே இலத்திரனின் உலகம் ஏறத்தாழ இரு பரிமாணமுடையது என்பதற்கு இவை வலுவான சான்றுகளாயின.

இத்தகைய தாளொன்றைத் தனியே எடுத்துக் கணித்தவர் வொலசு என்னும் கோட்பாட்டறிஞர். 1947இல் வெளிவந்த அவருடைய கணிப்பு, தனித்தாளில் இலத்திரனின் சத்தி அதன் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் எனக் காட்டியது. ஒளிக்குரிய விதி இத்தகையது. திணிவுள்ள துணிக்கைக்குரியது அன்று. அவ்விலத்திரன் ஓய்வுத்திணிவற்றதுபோல், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ முந்நூற்றிலொரு பங்கு வேகத்தில் விரைகின்றது. கணிதத்தில் மட்டும் வாழ்ந்த அத்தாளை மஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம், கொன்சுதாந்தின் நொவொசெலொவ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஒட்டுநாடாவைக் கொண்டு காரீயத்திலிருந்து உரித்தெடுத்து, அதன் மின்னியல்புகளை 2004இல் வெளியிட்டனர். 2010ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இனி, பழைய கேள்வியைக் கிரபீனிடம் கேட்கலாம். அயலிலுள்ள உலோக வாயிலொன்றின் அழுத்தத்தை மாற்றுவதால், கிரபீனில் இலத்திரன்களின் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஒரு குறித்த நிலையிலே தாள் மின்நடுநிலை அடைகின்றது. அந்நிலையிலும் அறை வெப்பத்தின் கிளர்ச்சியால் இலத்திரன்களும் நேரேற்றமுள்ள துளைகளும் சம எண்ணிக்கையில் உண்டாகின்றன. ஓட்டம் பாயும்போது இவை எதிரெதிர்த் திசைகளிற் செல்கின்றன. ஏற்றமும் எதிர், திசையும் எதிர் ஆதலால் காந்தப்புலம் இரண்டையும் ஒரே பக்கத்துக்கே தள்ளுகின்றது. ஓரத்திற் குவிவன இருவகையும் சம அளவினவாகையால் தேறிய ஏற்றம் அங்கில்லை; எதிர்த்துத் தள்ளும் மின்புலமும் தோன்றுவதில்லை. ஹோலின் கம்பியைக் காப்பாற்றிய ஈடு இங்கு இல்லாமற் போகின்றது. பாதைகள் வளைந்தே கிடக்க, தடை கூடுகின்றது.

எவ்வளவு கூடும் என்பதை எளிய கணக்கொன்றாலேயே மதிப்பிடலாம். இலத்திரனின் அசைதிறனைக் காந்தப்புலத்தாற் பெருக்கி, வரும் எண்ணின் வர்க்கத்தைக் கண்டால், தடை கூடும் விகிதம் அண்ணளவாகக் கிடைக்கும். செப்பின் அசைதிறன் மிகச் சிறிது; 0.1 தெசுலாப் புலத்தில் இக்கணக்கு கோடியில் ஒரு பங்கு என்ற அளவையே தருகின்றது. போரன் நைத்திரைட்டுத் தாள்களுக்கிடையே பொதிந்து தூய்மை காக்கப்பட்ட கிரபீனில், நடுநிலைப் புள்ளியில் அறை வெப்பநிலையிலும் அசைதிறன் 10 சதுரமீற்றர்/வோல்ற்று-செக்கன் என்ற அளவை எட்டுகின்றது. 10ஐ 0.1ஆற் பெருக்கினால் 1. அதன் வர்க்கமும் 1. அதாவது, தடை இரட்டிக்கவேண்டும். 2023இல் மஞ்செஸ்டர்க் குழுவினர் வெளியிட்ட அளவீடு இம்மதிப்பீட்டுடன் ஒத்துப்போகின்றது: 0.1 தெசுலாவில், அறை வெப்பநிலையில், தடை நூற்றுக்கு 100 வீதத்துக்கும் மேலாகக் கூடியது. சாதாரண நிலைக்காந்தமொன்றின் வலிமைக்குள் அடங்கும் புலம் இது.

அடுத்த விடை குளிரிற் கேட்பது. வெப்பம் தணிந்தால் இலத்திரன் தன் அலையியல்பை நெடுந்தூரம் இழக்காது காக்கின்றது. மாசுகளில் மோதி மீண்டு, ஒரு மூடிய வளையத்தை வலமாகவும் இடமாகவும் சுற்றிவரும் அலைகள் புறப்பட்ட இடத்திற் சந்தித்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. இதனால் இலத்திரன் பின்திரும்பும் வாய்ப்புக் கூடி, தடையும் சிறிது கூடுகின்றது. மென்மையான காந்தப்புலமொன்று இவ்விணக்கத்தைக் குலைத்துவிடும். குலைந்ததும் தடை குறையும். சாதாரண உலோக மென்படலங்களின் நிலை பெரும்பாலும் இதுவே. கிரபீனின் இலத்திரனோ தன் அலையமைப்பின் தனித்தன்மையால், வளையத்தைச் சுற்றி வரும்போது கட்டம் மாறி, வலுப்படுத்தவேண்டிய இடத்தில் அழித்துக்கொள்ள முற்படுகின்றது. அப்போது புலம் தடையைக் கூட்டும். ஆனால், தாளின் விளிம்புகளும் அணுவளவான கூரிய குறைகளும் இத்தனித்தன்மையைச் சிதைத்துப் பழைய விதியை மீட்டுவிடுகின்றன. எனவே ஒரு கிரபீன் துண்டு இச்சிறு புலத்தில் தடையைக் கூட்டுமா குறைக்குமா என்பது, அத்துண்டின் வெப்பநிலையையும் அதன் குறைகளின் இயல்பையும் பொறுத்தது. ஒரு பொருளின் வடுக்களைத் தடையின் மாற்றத்தால் வாசித்துவிடலாம் என்பது இதன் பயன்.

வன்மையான புலம் வேறொரு உலகைத் திறக்கின்றது. அங்கே இலத்திரன்கள் வட்டப்பாதைகளிற் கட்டுண்டு, சில குறித்த சத்திமட்டங்களில் மட்டுமே இருக்க இயலும். 1980 பெப்ரவரி 5ஆம் நாள் அதிகாலையில், பிரான்சின் கிரெனோபிள் நகரத்து உயர்புல ஆய்வுகூடத்தில், கிளவுசு வொன் கிளிட்சிங் என்னும் ஜேர்மானியர் சிலிக்கன் திரான்சிற்றரொன்றின் ஹோல் தடையை அளந்துகொண்டிருந்தார். புலத்துக்கேற்பச் சீராக மாறவேண்டிய அத்தடை படிப்படியாகத் தட்டையாகி நின்றது. அப்படிகளின் பெறுமானம், பிளாங்கின் மாறிலியை இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் 25,812.807 ஓமின் முழுவெண் பின்னங்களாக அமைந்தது. மாதிரியின் நீளம், அகலம், செய்தவர், மாசு எதுவும் அவ்வெண்ணை மாற்றவில்லை. நீளவாட்டிலுள்ள தடையோ அப்படிகளில் இல்லாதொழிந்தது. இக்கண்டுபிடிப்புக்காக 1985இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

கிரபீனில் இப்படிகள் தோன்றுமா என்ற கேள்விக்கு 2005 நவம்பரில் மஞ்செஸ்டரிலிருந்தும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலிருந்தும் இரு குழுக்கள் ஒரே இதழில் விடை தந்தன. படிகள் தோன்றின, ஆனால் 2, 6, 10, 14 என்ற எண்களால் அந்த 25,812.807 ஓமை வகுத்துவரும் பெறுமானங்களில் அவை நின்றன. பூச்சியச் சத்தியில் அமைந்த மட்டமொன்றை இலத்திரன்களும் துளைகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதே இவ்வொழுங்கின் காரணம். கிருஷ்ணன் அளந்த காரீயத்தின் பெரும் எதிர்காந்த இயல்பை விளக்க 1956இல் மக்குளூர் என்பவர் பயன்படுத்திய சத்திமட்டங்களும் இவையே. மேலும், வழமையான குறைகடத்திகளில் மட்டங்களின் இடைவெளி புலத்துக்கு நேர்விகிதத்தில் வளர, கிரபீனில் அது புலத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப வளர்கின்றது. 1 தெசுலாவிலேயே முதல் இடைவெளி 36 மில்லி-இலத்திரன்வோல்ற்று ஆகும். அறை வெப்பத்தின் கிளர்ச்சியோ 26 அளவினதே. இதனால், குளிரூட்டல் இன்றியே அறை வெப்பநிலையில் இப்படிகளைக் காண 2007இல் இயன்றது. எனினும் அதற்கு 45 தெசுலா வரையான பெரும்புலம் வேண்டியிருந்தது.

இவையெல்லாம் ஆய்வுகூடத்து விந்தைகள் மட்டுமே எனக் கொள்வோர், ஓம் என்ற அலகின் வரலாற்றை நோக்குதல் நன்று. 1893இல் ஓம் என்பது, உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில், 14.4521 கிராம் திணிவும் 106.3 சென்ரிமீற்றர் நீளமும் சீரான குறுக்குவெட்டுமுள்ள இரசத் தம்பத்தின் தடை என வரையறுக்கப்பட்டது. பின்னர் கம்பிச் சுருள்கள் அவ்வளவைக் காத்தன. கம்பி முதுமையடையும், அதன் தடை ஆண்டுக்காண்டு நகரும். மூல அளவு ஏதோவொரு தலைநகரின் பெட்டகத்தில் இருக்க, ஏனையோர் தம் சுருள்களை அங்கு கொண்டுசென்று ஒப்பிட்டு மீளவேண்டும். அளவுகோலை வைத்திருப்பவனே உண்மையை வைத்திருப்பவன் என்ற நிலை அது. 1990இல் கிளிட்சிங்கின் எண் நாடுகளின் பொது இணக்கத்தால் தடையின் ஆதாரமாயிற்று. 2019 மே 20 முதல் பிளாங்கின் மாறிலியும் இலத்திரனின் ஏற்றமும் மாறாப் பெறுமானங்களாக வரையறுக்கப்பட்டமையால், அவ்வெண் அலகுமுறையின் உள்ளிருந்தே பிறக்கின்றது.

ஆயினும் கொள்கையில் எல்லோர்க்கும் பொதுவானது, நடைமுறையிற் சிலருக்கே உரியதாக இருத்தல் கூடும். கலியம் ஆசனைட்டிலான பழைய நியமத்துக்கு 10 தெசுலாவை அண்மிய புலமும், 1 கெல்வினை அண்மிய குளிரும், அவற்றைப் பேணும் திரவ ஈலியமும் வேண்டும். வசதி குறைந்த நாடுகளுக்கு அது எட்டாக்கனி. சிலிக்கன் காபைட்டின்மேல் வளர்க்கப்பட்ட கிரபீன் இவ்வேலியைத் தாழ்த்தியது. கிரபீனின் படியும் கலியம் ஆசனைட்டின் படியும் ஆயிரங்கோடியில் ஒரு பங்கிற்கும் குறைந்த வேறுபாட்டுக்குள் ஒன்றே என்பது 2011இல் நிறுவப்பட்டது. 2015இல் கிரபீன் 3.5 தெசுலா வரை தாழ்ந்த புலத்திலும், 10 கெல்வின் வரை உயர்ந்த வெப்பநிலையிலும் நியமத்துக்குரிய செம்மையைக் காக்கவல்லது எனக் காட்டப்பட்டது. திரவ ஈலியம் ஊற்றாத, மேசையளவான கருவியொன்றில் ஓம் பிறப்பது இதனால் இயல்வதாயிற்று. அளவின் அதிகாரம் பெட்டகத்திலிருந்து இறங்கி, ஆய்வுகூடந்தோறும் செல்லும் வழி திறந்துள்ளது. ஒரு பொருளின் காந்தத்தடை பற்றிய ஆராய்ச்சி நாடுகளுக்கிடையிலான சமத்துவத்தையும் தொட்டுநிற்பது இவ்வாறே.

இவ்வரலாறு முழுவதிலும் பொருள் ஒன்றே, மாறியவை கேள்விகள். ஹோல் தம் வெறுமையான விடையை மறைக்காது வெளியிட்டமையால், ஓட்டம் தள்ளப்படுகின்றதா என்ற கேள்வியை எங்கே கேட்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. மூசைக்கென மூட்டை மூட்டையாக ஏற்றப்பட்ட காரீயத்துக்குள் திணிவற்றதுபோல் ஓடும் இலத்திரனும், மட்டங்களை வர்க்கமூலத்தால் ஒழுங்குபடுத்தும் விதியும், தலைநகர்ப் பெட்டகத்தை வேண்டாத ஓமும் அன்றும் அடங்கியே இருந்தன. தொன் கணக்கில் நிறுத்தவர்களுக்கு அவை புலப்படவில்லை. திசைக்குத் திசை திருப்பி அளந்தவர்களுக்கே புலப்பட்டன. மண்ணிலிருந்து எடுக்கும் செல்வம் எடுக்க எடுக்கக் குறையும். அதனிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு அத்தகைய குறைவில்லை. சுரங்கத்தைப் பெற்ற தேசம் எதுவாயினும், அக்கேள்விகளைக் கேட்கும் இளைஞரையும் பெறுதல் வேண்டும். அதுவே அச்செல்வத்தை உண்மையில் உடையதாதல்.